பெருக்கினால் போகாத தூசி. அடுப்பைத் திருத்தினால் போகும்!

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் மூச்சை அடக்கத் தெரிந்தவர்கள். கல்லில் கால் வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சை அடக்கி, அடியில் கிடக்கும் சிப்பிகளைப் பொறுக்குவார்கள். அந்தத் தொழில் இப்போது இல்லை. 1961-ம் ஆண்டோடு அங்கே முத்துக்குளித்தல் நின்றுவிட்டது.

ஆனால் மூச்சை அடக்க வேண்டிய இன்னொரு வேலை அதே கரையில் இன்றும் நடக்கிறது. அது நடக்கும் இடம் அடுக்களை. விறகு அடுப்பின் முன்னால் குனிந்திருக்கும் பெண், புகை முகத்தில் அடிக்கும்போது மூச்சை அடக்குகிறாள். கண்ணை மூடுகிறாள். முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள். முத்துக் குளித்தவர் மேலே வந்தால் நல்ல காற்று கிடைத்தது. இவளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் புகைதான்.

சமையல் முடிந்தாலும் அவள் வேலை முடிவதில்லை. பரணில் தூசி. பாத்திரத்தில் தூசி. துவைத்து மடித்த துணியிலும் தூசி.

"காலையில் பெருக்கினாயா, இல்லையா?" என்று கேட்கிறார் மாமியார்.

"இரண்டு தடவை பெருக்கிவிட்டேன் அத்தை" என்கிறாள் மருமகள்.

"அப்படியானால் இது என்ன?"

மருமகளிடம் பதில் இல்லை. மாமியார் சொல்வதும் உண்மை. மருமகள் சொல்வதும் உண்மை. தூசி இருப்பது நிஜம், பெருக்கியதும் நிஜம். குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறது. அதுதான் அடுப்பு.

கியாஸ் வந்த பிறகும் விறகா?

தமிழ்நாட்டில் இலவச கியாஸ் அடுப்புத் திட்டம் 2007-ம் ஆண்டு தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் 2016-ம் ஆண்டு மே 1-ந் தேதி தொடங்கியது. தமிழ்நாட்டில் நூறு வீடுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் புகையில்லாத எரிபொருளில் சமைப்பதாக 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் கியாஸ் வந்த எல்லா வீடுகளிலும் விறகு அடுப்பு அணைந்துவிடவில்லை. காலையில் காபி போட கியாஸ். குளிக்க வெந்நீர் போட விறகு. அவசரத்துக்கு கியாஸ். நெல் அவிக்க, பெரிய சட்டியில் குழம்பு வைக்க விறகு. சிலிண்டர் தீர்ந்து, கையில் பணம் இல்லாத நாட்களில் எல்லாமே விறகு. உடன்குடிப் பக்கத்தில் பதநீர் காய்ச்சும் குடிசைகளில் மணிக்கணக்கில் விறகு எரிகிறது. அந்தக் கருப்பட்டிக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். அதைக் காய்ச்சும் பெண்ணின் கண் எரிச்சலுக்கும் ஒரு வழி கிடைக்க வேண்டும் அல்லவா?

ஆகவே, "விறகு அடுப்பு ஒழிந்துவிட்டது, அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று சொல்லிவிட முடியாது. எரிகிற அடுப்பு ஒழுங்காக எரிய வேண்டும். அதுவே இப்போதைய பேச்சு.

மூன்று நிறத் தூசி

தூத்துக்குடிப் பக்கத்து வீட்டில் பரணின் மேல் விரலை வைத்துத் தேய்த்தால் மூன்று வகைத் தூசி அகப்படும்.

முதலாவது, சிவப்புத் தூசி. இது மண். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசும்போது, குதிரைமொழித் தேரி போன்ற செம்மணல் காடுகளில் இருந்து கிளம்பி வரும். கையில் நறநற என்று இருக்கும். கனமானது. சீக்கிரம் தரையில் படிந்துவிடும். பெருக்கினால் போய்விடும்.

இரண்டாவது, வெள்ளைத் தூசி. இது சாம்பல். மாவு போல மென்மையாக இருக்கும். லேசான காற்றுக்கும் பறக்கும். வாரியல் பட்டாலே எழும்பி, சிறிது நேரம் சுற்றிவிட்டு வேறு இடத்தில் உட்காரும்.

மூன்றாவது, கறுப்புத் தூசி. இது புகைக்கரி. கையில் எண்ணெய்ப் பசை போல ஒட்டும். சுவரில் படிந்தால் தேய்த்தாலும் போகாது.

துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது. அனல்மின் நிலையம் 1979-ம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. ஆகையால் வெளியே இருந்து வரும் கரித்தூசியும் சாம்பலும் உண்டு. அவற்றை அடக்க வேண்டியது அரசாங்கத்தின் பொறுப்பு; அந்த நிலையங்களின் பொறுப்பு. ஒரு குடும்பத் தலைவியால் அதைத் தடுக்க முடியாது. ஆனால் அடுப்புக்கு மேலே உள்ள சுவர் மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தால், அது வீட்டுக்குள்ளேயே பிறந்த தூசி. அதைத் தடுக்க முடியும்.

இந்தக் கறுப்புத் தூசியில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். தெரியாதது அதிகம். ஒரு தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் புகையில் இருக்கின்றன. மண் தூசியை மூக்கு தடுத்துவிடும்; தும்மல் வந்து வெளியே தள்ளும். இந்தத் துகளை மூக்கால் தடுக்க முடியாது. அது நேராக நுரையீரலின் அடிவரை போய்விடும்.

அதன் விளைவு என்ன? குழந்தைகளுக்கு நிமோனியா. பெரியவர்களுக்கு ஓயாத இருமல், மூச்சுத் திணறல். இதய நோய். கண்ணில் புரை. உலகம் முழுவதும் வீட்டு அடுப்புப் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரம் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

அடுப்படியில் அம்மாவின் மடியில் கிடக்கும் குழந்தையை நினைத்துப் பார்த்தால், இது சுத்தம் பற்றிய விஷயம் மட்டும் அல்ல என்பது புரியும்.

புகை என்பது வீணாய்ப் போன விறகு

புகை ஏன் வருகிறது? விறகு முழுவதும் எரியாததால் வருகிறது. எரிந்து சூடாக வேண்டியது, எரியாமல் பறந்துபோகிறது. அதாவது, காசு கொடுத்து வாங்கிய விறகில் ஒரு பகுதி சுவரில் கரியாக ஒட்டிக்கொள்கிறது!

விறகு முழுவதும் எரிய இரண்டு வேண்டும். ஒன்று, அது காய்ந்திருக்க வேண்டும். மற்றொன்று, அடியில் இருந்து காற்று கிடைக்க வேண்டும்.

பச்சை விறகின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கும். அதை அடுப்பில் வைத்தால், தீ முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கப் பாடுபடும். சூடு போதாது. புகை மூட்டம் போடும். விறகைப் பிளந்து, அடுக்கி, ஆறு மாதம் காய வைத்தால் புகை வெகுவாகக் குறையும்.

இதற்குத் தூத்துக்குடிச் சீமையைப் போல் வசதியான இடம் இல்லை. வெயிலுக்குப் பஞ்சம் கிடையாது. உடை விறகும், சீமைக் கருவேலமும் அந்த வெயிலில் நன்றாகக் காயும். தை, மாசியில் வெட்டிப் பிளந்து வைத்தால் ஆடியில் எரிக்கலாம். தரையில் போடாமல் இரண்டு கட்டைகளின் மேல் அடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் மேலே மூடிவிட வேண்டும். 2023-ம் ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு விறகைக் காயப்போட இடம் ஏது? மேடான இடத்தில், கூரைக்கு அடியில் பத்து நாளுக்கு வேண்டிய விறகாவது இருக்க வேண்டும்.

எதை எரிக்கிறோம் என்பதும் முக்கியம். சுத்தமான கட்டை நூறு கிலோ எரிந்தால் ஒரு கிலோ அளவில்தான் சாம்பல் மிஞ்சும். ஓலை, சருகு, மரப்பட்டை ஆகியவற்றில் அதைவிட அதிகம். நெல் உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகவே நிற்கும். ஆகவே காய்ந்த பனை ஓலை அடுப்பு பற்றவைக்க உதவட்டும். சமையல் முழுவதையும் ஓலையிலேயே முடித்தால் வீடு முழுவதும் சாம்பல் பறக்கும்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு வழக்கம் உண்டு. உடைந்த வள்ளத்தின் பலகையை அடுப்பில் வைப்பார்கள். அது கூடாது. பலகையில் பெயிண்டும் தாரும் ஊறிப்போயிருக்கும். அந்தப் புகை விஷம். கடலில் ஊறிய கட்டையும் அப்படியே. அதில் உள்ள உப்பு, புகையை இன்னும் கெடுதல் ஆக்கும். பிளாஸ்டிக் பையைக் கொளுத்தி அடுப்பு மூட்டுவதோ, எல்லாவற்றிலும் மோசம்.

ஊதாங்குழல் சொல்லும் சேதி

ஊதாங்குழல் இல்லாத அடுக்களை முன்பு கிடையாது. ஆனால் அடிக்கடி ஊத வேண்டியிருந்தால், அடுப்பு சரியில்லை என்று அர்த்தம். ஒன்று விறகு ஈரம். அல்லது அடியில் காற்று இல்லை. ஊதும்போது தீ எரிவது போல் தோன்றும். கூடவே சாம்பல் எழும்பி முகத்தில் அடிக்கும். அதுதான் பிறகு பரணில் போய் உட்காருகிறது.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. விறகை நேராகத் தரையில் வைக்காமல், சில இரும்புக் கம்பிகளின் மேல் வைக்க வேண்டும். கம்பிகளுக்கு அடியில் நாலு விரல் இடம் இருந்தால், காற்று தானாக அடியில் புகுந்து மேலே போகும். சாம்பல் கீழே விழும். தீ மஞ்சளாக, பிரகாசமாக எரியும். விறகும் பெரிய கட்டையாக இல்லாமல், கைப்பிடி கனத்துக்குப் பிளந்ததாக இருந்தால் நல்லது.

அரிசியையும் பருப்பையும் முன்கூட்டியே ஊற வைப்பது, சட்டியை மூடிச் சமைப்பது ஆகியவையும் தூசி குறைக்கும் வழிகளே. சீக்கிரம் வெந்தால், சீக்கிரம் அடுப்பு அணையும்!

மூன்று கோடி அடுப்புகள் என்ன ஆயின?

புகை இல்லாத அடுப்பு புதிய யோசனை அல்ல. வார்தாவில் காந்தியடிகளின் கிராமத் தொழில் இயக்கம் நடந்த மகன்வாடியில் இருந்து 'மகன் அடுப்பு' வந்தது. ஐதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த அடுப்பை உருவாக்கினார். கோடிக்கணக்கான ஏழைகளுக்குப் புகையில்லாத அடுக்களை வேண்டும் என்று அவர் எழுதிய நூல் 1953-ம் ஆண்டு சென்னையில் அச்சாகி வெளிவந்தது. 1983-ம் ஆண்டு மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில், குஜராத் கிராமப் பெண்கள் சமைக்கும்போது எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து அளந்து வெளியிட்டார்.

அரசுத் திட்டத்தில் நாடு முழுவதும் மூன்று கோடிக்கு மேல் அடுப்புகள் கட்டப்பட்டன. 2002-ம் ஆண்டோடு மத்திய அரசு அதைக் கைவிட்டது. அந்த அடுப்புகளில் ஏராளமானவை இடிந்தன. பல வீடுகளில் பழைய அடுப்பே திரும்பி வந்தது.

ஏன்? கணக்குக் காட்டக் கட்டிய அடுப்புகள் பல. வீட்டுச் சட்டி அடுப்பு வாயில் பொருந்தவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தது. எப்படிச் சுத்தம் செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "உனக்கு எப்படிப்பட்ட அடுப்பு வேண்டும் தாயே?" என்று சமைக்கும் பெண்ணைக் கேட்கவில்லை.

கேட்காமல் கட்டிய அடுப்பு நிலைக்காது. இந்தப் பாடம் அரசாங்கத்துக்கு மட்டும் அல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் பொருந்தும்.

காற்றைப் பார்த்து அடுப்பு

புகைபோக்கி வைப்பவர்கள் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். வலை வீசப் போகிறவருக்குக் கொண்டல் எது, கச்சான் எது என்று தெரியும். அந்த அறிவை அடுக்களைக்கும் கொண்டுவரலாம். பிற்பகலில் கடற்காற்று கிழக்கே இருந்து வரும். ஆடியில் மேல்காற்று அடிக்கும். அடுப்பின் வாய் காற்றுக்கு நேர் எதிரே இருந்தால், சாம்பல் வீட்டுக்குள் வாரி இறைபடும். பக்கவாட்டில் இருந்தால் நல்லது.

புகைபோக்கியின் தலை, கூரைக்கு மேல் இரண்டு அடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். மேலே மழை விழாமல் ஒரு தொப்பி வேண்டும். மாதம் ஒரு முறை, கயிற்றில் தென்னை நார்க் கட்டை மேலே இருந்து இறக்கிக் கரியைத் தட்ட வேண்டும். அடுப்பு நன்றாக ஆறிய பிறகே இதைச் செய்ய வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வேண்டாம். அதன் இழைகளும் நுரையீரலுக்குப் பகை.

ஓலைக் கூரை வீடாக இருந்தால் கூரையைத் துளைத்துக் குழாய் விடக்கூடாது. தீப்பிடிக்கும். அங்கே அடுப்பையே வெளியே கொண்டுபோய், மூன்று பக்கமும் திறந்த ஒரு சாய்ப்புக்கு அடியில் வைப்பது மேல்.

புகைபோக்கி வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்கக்கூடாது. குவாத்தமாலா நாட்டில் 534 வீடுகளில் நடந்த ஆராய்ச்சி 2011-ம் ஆண்டு வெளியானது. புகைபோக்கி அடுப்பு வந்த வீடுகளில் குழந்தைகள் மீது படும் புகை பாதியாகக் குறைந்தது. கடுமையான நிமோனியாவும் குறைந்தது. ஆனால் நோய் முழுவதும் ஒழியவில்லை. பாதிப் புகையும் புகைதான்!

சாம்பலை அள்ளும் முறை

வீட்டுக்குள் வெள்ளைத் தூசி கிளம்புவது பெரும்பாலும் சாம்பல் அள்ளும் நேரத்தில்தான். சூட்டோடு அள்ளினால் பறக்கும். தண்ணீர் தெளித்து அணைத்தாலோ குப்பென்று கிளம்பி வீடெல்லாம் பரவும். இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அள்ள வேண்டும். தகரக் கரண்டியால் மெதுவாக அள்ளி, மூடி போட்ட தகர டின்னில் போட வேண்டும். டின்னை வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். ஆறிவிட்டது போல் தோன்றும் சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளியிலோ, ஓலைப் பெட்டியிலோ போட்டால் ஆபத்து.

கங்கு நிறைந்த சட்டியைக் குளிருக்காகக் கதவு சாத்திய அறைக்குள் வைத்துத் தூங்குவதும் கூடாது. அதில் இருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

பெருக்குவதிலும் முறை உண்டு. மேலே தட்டிவிட்டுப் பிறகு கீழே. முதலில் தண்ணீர் தெளித்து, அப்புறம் வாரியல். பரணையும் அலமாரியையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துணியால் தட்டினால், தூசி இடம் மாறுமே தவிர வெளியே போகாது.

குளிர் நாட்டுக்காரர்களும் இதே பாடத்தைத்தான் படித்தார்கள். அங்கே குளிர் காய வீட்டுக்குள் கணப்பு எரிப்பார்கள். திறந்த கணப்பில் புகையும் சாம்பலும் கூடத்துக்குள் வந்தன. ஆகவே கணப்புக்குள் இரும்புப் பெட்டி வைத்துக் கதவு போட்டார்கள். அந்தக் கதவைச் சட்டென்று திறந்தால் சாம்பல் பறக்கும். மெதுவாகத் திறக்க வேண்டும். உலர்ந்த விறகு, புகைபோக்கிச் சுத்தம், மூடி போட்ட சாம்பல் டின் என்று அவர்களுக்குச் சொல்லப்படும் புத்திமதியும் இதேதான். இருந்தும் அவர்கள் விழித்துக்கொள்ள ஒரு பெரிய விபத்து வேண்டியிருந்தது. 1952-ம் ஆண்டு டிசம்பரில் லண்டன் நகரை நிலக்கரிப் புகை ஐந்து நாள் மூடியது. சுமார் 4 ஆயிரம் பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். உண்மையில் 12 ஆயிரம் வரை இருக்கும் என்று பின்னாளில் வந்த ஆய்வு சொல்கிறது. அதன் பிறகுதான், 1956-ல், சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது.

"பாட்டி நூறு வயது இருந்தாரே!"

இதையெல்லாம் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். "எங்கள் பாட்டி விறகு அடுப்பில்தான் சமைத்தார். நூறு வயது இருந்தாரே!" என்பார்கள். நூறு வயது இருந்த பாட்டி நினைவில் நிற்கிறார். இருமி இருமி நாற்பது வயதில் போன சித்தியும், நெஞ்சுச் சளி வந்து தொட்டிலிலேயே போன குழந்தையும் கணக்கில் வருவதில்லை. அன்றைய டாக்டருக்கும் அது அடுப்பால் வந்தது என்று தெரியாது.

"புகை இருந்தால் ஓலைக் கூரையைப் பூச்சி அரிக்காது" என்பார்கள். உண்மைதான். கூரைக்கு நல்லது. அதற்குக் கீழே உட்கார்ந்திருப்பவளுக்கு?

"விறகுச் சமையலின் ருசி வருமா?" என்றும் கேட்பார்கள். மண் சட்டியில் வைத்த மீன் குழம்பின் ருசிக்குப் புகை காரணம் அல்ல, பக்குவம் காரணம். உலர்ந்த விறகில், புகையில்லாத தீயில் வைத்தாலும் அந்த ருசி வரும்.

யார் செலவு செய்வது?

கடைசியில் விஷயம் காசில் வந்து நிற்கிறது. தினசரிச் சமையலுக்கு கியாஸ்தான் சிறந்தது. சிலிண்டர் வாங்கப் பணம் போதாத வீடுகளுக்கு அரசாங்கம் இன்னும் கை கொடுக்க வேண்டும். இணைப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டு, சிலிண்டர் விலையை எட்டாத உயரத்தில் வைத்தால், அடுப்பு அலங்காரப் பொருளாகிவிடும்.

ஆனால் வீட்டுக்காரரின் பொறுப்பும் உண்டு. புதுச் செல்போன் வாங்கக் கணக்குப் போடாத கை, நாலு இரும்புக் கம்பிக்கும் ஒரு புகைபோக்கிக்கும் கணக்குப் போடுகிறது. காரணம் வெளிப்படை. செல்போன் அவர் கையில் இருக்கிறது. புகை அவர் மனைவியின் கண்ணில் இருக்கிறது.

ஒரு வாரம் வீட்டு ஆண்கள் அடுப்பு மூட்டட்டும். சாம்பல் அள்ளட்டும். ஊதாங்குழல் பிடிக்கட்டும். எட்டாவது நாள் கொத்தனார் வந்து நிற்பார்!

மாமியார்களும் மருமகளைக் கேட்பதற்கு முன்னால், அடுப்புக்கு மேலே உள்ள சுவரை ஒரு முறை பார்க்கட்டும். அவரும் அந்த அடுப்பின் முன்னால் இளமையைக் கழித்தவர்தான். தான் பட்ட புகையை அடுத்தவளும் படவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

வாரியலால் வீட்டைச் சுத்தம் செய்யலாம். நெஞ்சுக்குள் படிந்த தூசியைப் பெருக்க வாரியல் கிடையாது. அது உள்ளே போகாமல் தடுப்பதே வழி. அடுப்பைத் திருத்தினால் சுவர் வெளுக்கும், விறகு மிஞ்சும், குழந்தையின் இருமல் குறையும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு பெரிதாக இருக்காது.